டிராகன் குவெஸ்ட்: கிளை விளையாட்டுகளை ஏன் ஒதுக்க வேண்டும்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஜப்பானிய ரோல்-பிளேயிங் கேம்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் டிராகன் குவெஸ்டுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். தமிழில் இதற்கு இவ்வளவு இடம் கிடைப்பதே அரிது, நன்றி. ஆனால் எண் போட்ட பதினோரு விளையாட்டுகளையும் விரிவாகச் சொல்லிவிட்டு, மற்றதையெல்லாம் 'பெயரை வைத்துக் காசு பார்க்க வந்தவை' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டது பெரிய குறை. அதைப் படிக்கும் புதியவர் பதினொன்றையும் முடித்துவிட்டுத்தான் ஸ்பின்-ஆஃப் எனப்படும் கிளை விளையாட்டுகள் பக்கம் போக வேண்டும் என்று நினைத்துக்கொள்வார். பாதி பேர் அதற்குள் அலுத்துப்போய் நிறுத்திவிடுவார்கள்.

முதலில் ஒரு திருத்தம். 1986 மே 27 அன்று நின்டெண்டோவின் ஃபாமிகாம் விளையாட்டுக் கருவியில் வந்த முதல் விளையாட்டில் ஆட்டத்தைச் சேமிக்க பேட்டரி இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது 1989இல் 'டிராகன் வாரியர்' என்ற பெயரில் அமெரிக்காவுக்குப் போன பதிப்பு. ஜப்பானியக் கார்ட்ரிட்ஜில் பேட்டரி கிடையாது. அரசரிடம் போய்ப் பேசினால் ஹிராகானா என்ற ஜப்பானிய எழுத்து வகையில் 20 எழுத்துகள் கொண்ட ஒரு மந்திரத்தைச் சொல்வார். அதைத் தாளில் எழுதிவைத்து, அடுத்த முறை அப்படியே உள்ளிட வேண்டும். 64 எழுத்துகளில் ஒன்று என்றால் ஓர் எழுத்துக்கு 6 பிட், இருபதுக்கும் சேர்த்து 120 பிட், அதாவது வெறும் 15 பைட். வீரனின் பெயர், அனுபவப் புள்ளி, தங்கம், கையில் உள்ள பொருள்கள் எல்லாம் அதற்குள் அடங்கியாக வேண்டும். ஓர் எழுத்து பிசகினாலும் மந்திரம் பலிக்காது. ஹிராகானாவில் 'நு'வும் 'மே'யும், 'நே'யும் 'வா'வும் ஏறக்குறைய ஒரே வடிவம். மங்கலான டிவித் திரையைப் பார்த்து எழுதியவர்கள் அங்கேதான் சறுக்கினார்கள். இரண்டாம் விளையாட்டில் மந்திரம் 52 எழுத்து வரை நீண்டது. பேட்டரி வந்தது 1988 பிப்ரவரியில், மூன்றாவதில்தான். அதிலும் ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே பவரை அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் மின்னழுத்தம் இறங்கும் அந்த நொடியில் சேமிப்பு நினைவகத்தில் தாறுமாறாக ஏதாவது எழுதப்பட்டு, பல வார உழைப்பு போய்விடும்.

முதல் கார்ட்ரிட்ஜின் மொத்தக் கொள்ளளவே 64 கிலோபைட். அதனால் விளையாட்டை வடிவமைத்த யூஜி ஹோரி பல இடங்களில் ஒரு கேள்வியை மட்டும் போட்டுவிட்டு நகர வேண்டியிருந்தது. கடைசியில் டிராகன் மன்னன் வீரனிடம், உலகத்தில் பாதியைத் தருகிறேன், என் பக்கம் வருகிறாயா என்று கேட்பான். 'ஆம்' என்றால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். அதற்குப் பிறகு அந்த உலகம் என்ன ஆனது? 2016 ஜனவரி 28 அன்று வந்த 'டிராகன் குவெஸ்ட் பில்டர்ஸ்' முழுக்க முழுக்க அந்த 'ஆம்' என்ற பதிலின் மேல் எழுந்தது. வீரன் விலைபோய்விட்டான், அந்த உலகமான ஆலெஃப்கார்டு இருண்டு கிடக்கிறது, மனிதர்களுக்குக் கட்டும் கலையே மறந்துபோயிருக்கிறது. முதல் விளையாட்டை முடிக்காமல் இதைத் தொட்டவருக்கு இது வெறும் கட்டை அடுக்கும் விளையாட்டாகத்தான் தெரியும். முடித்தவருக்கு நெஞ்சு கனக்கும்.

அதை ஆடுவோருக்குச் சில குறிப்புகள். நான்கு பக்கமும் இரண்டு கட்டை உயரச் சுவர், ஒரு கதவு, ஒரு விளக்கு இருந்தால்தான் அது அறையாகக் கணக்கில் வரும். கூரை தேவையில்லை. சுவரில் ஓரிடத்தில் ஒரே கட்டை குறைந்தாலும் அறை பதிவாகாது, எத்தனை சாமான் வைத்தாலும் பயனில்லை. ஊர் நடுவே நட்ட கொடியின் ஒளி எட்டும் எல்லைக்கு வெளியே கட்டினாலும் அப்படியே. எதிரிகளைக் கொன்றால் லெவல் ஏறும் என்று காத்திருக்காதீர்கள். இதில் அனுபவப் புள்ளியே கிடையாது. உயிர் விதைகளைச் சாப்பிட்டால்தான் ஹெச்.பி. எனப்படும் உயிர்ப்புள்ளியின் உச்சம் கூடும். அத்தியாயம் முடிந்து அடுத்த தீவுக்குப் போகும்போது கட்டிய ஊர், சேர்த்த பொருள், எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போக வேண்டும். முதல் அத்தியாயத்தில் கோட்டை கட்டி அழகு பார்க்கிறவர்கள் ஏமாந்துபோவது இதனால்தான். அந்த ஆசைக்கென்று முதல் அத்தியாயம் முடிந்ததும் தனியாக ஒரு திறந்த நிலம் கிடைக்கும்.

1990இல் வந்த நான்காவது விளையாட்டின் மூன்றாம் அத்தியாயத்தில் நாயகன் ஒரு வணிகன், டோர்னெகோ. ஆயுதக் கடையில் கூலிக்கு நின்று, வாங்கி விற்று, சொந்தக் கடை போடுவான். இன்னொருவர் விளையாட்டாக இருந்திருந்தால் அவனை வேடிக்கைக்கு மட்டும் வைத்திருப்பார்கள். சுன்சாஃப்ட் நிறுவனம் 1993 செப்டம்பரில் சூப்பர் ஃபாமிகாமில் அவனைத் தனி ஆளாக ஒரு மர்ம நிலவறைக்குள் இறக்கியது. 'ரோக்' என்ற பழைய கணினி விளையாட்டின் விதிகள்தான். நுழையும் ஒவ்வொரு முறையும் லெவல் 1, தளத்தின் அமைப்பு ஒவ்வொரு முறையும் வேறு, 20 பொருள்களுக்கு மேல் தூக்க முடியாது. நீங்கள் ஓர் அடி வைத்தால்தான் மான்ஸ்டர்கள் அசையும். ஆகவே யோசிக்க எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், அவசரப்பட்டுப் பொத்தானைத் தட்டுகிறவர்தான் சாகிறார். அறையின் நடுவில் நின்றால் எட்டுத் திசையிலிருந்தும் அடி விழும். பின்வாங்கி நடைபாதைக்குள் புகுந்துவிட்டால் முன்னால் ஒன்றுதான் நிற்க முடியும். நடந்தால் ஹெச்.பி. ஊறும் என்பதற்காகச் சுற்றிக்கொண்டே இருந்தால் பசி ஏறும். ரொட்டி தீர்ந்தபின் பசியே ஆளைக் கொன்றுவிடும். தரம் தெரியாத வாளை எடுத்தவுடன் மாட்டிக்கொள்ளவும் கூடாது, சாபம் இருந்தால் கழற்ற முடியாது. 'ஷிரென்' வரிசையும், பின்னால் போக்கிமானின் மிஸ்டரி டஞ்சன் வரிசையும் இந்த வணிகனின் வழியில் வந்தவைதான். இதையா காசு பார்க்க வந்தது என்பது?

1992இல் வந்த ஐந்தாவது விளையாட்டில் தோற்ற மான்ஸ்டர் எழுந்து நின்று நம்மோடு வரலாமா என்று பார்க்கும். ஸ்லைம் என்ற கூழ்த்துளி மான்ஸ்டர் மேல் ஏறிவரும் வீரன் சேர்வதற்கு நான்கில் ஒரு வாய்ப்பு, குழைந்தோடும் உலோக ஸ்லைமுக்கு 256இல் ஒன்று. இந்த ஒரு அம்சம்தான் 1998 செப்டம்பர் 25 அன்று கேம் பாயில் 'டிராகன் குவெஸ்ட் மான்ஸ்டர்ஸ்' என்ற தனி வரிசையாக விரிந்தது. ஆண் ஒன்று, பெண் ஒன்று, இரண்டும் லெவல் 10ஐத் தொட்டிருந்தால் சேர்த்து முட்டை பெறலாம். பெற்றோர் இரண்டும் போய்விடும், குட்டி லெவல் 1இல் தொடங்கும், ஆனால் அவற்றின் திறன்கள் குட்டிக்கு வரும். எதை முதலில் வைக்கிறோம், எதை இணையாக வைக்கிறோம் என்பது மாறினால் பிறப்பதும் மாறும். புதியவர்கள் செய்யும் தவறு, அணியில் உள்ள மூன்றையும் ஒரே நேரத்தில் இணை சேர்த்துவிடுவது. பிறகு மூன்று குட்டிகளோடு அடுத்த மான்ஸ்டர் உலகத்துக்கான வாசலுக்குள் போய் முதல் சண்டையிலேயே திரும்பி வருவார்கள். ஒன்றை மட்டும் மாற்றி, மற்ற இரண்டின் பாதுகாப்பில் அதை வளர்ப்பதே சரி.

2023 டிசம்பரில் நின்டெண்டோ ஸ்விட்ச் கருவியில் வந்த 'தி டார்க் பிரின்ஸ்' இதே வரிசை. நான்காவதில் எதிரியாக வந்த சாரோவின் கதையை அவன் பக்கமிருந்து சொல்கிறது. மான்ஸ்டர்களைத் தன் கையால் தாக்க முடியாத சாபம் அவனுக்கு, அதனால்தான் மான்ஸ்டர்களைச் சேர்த்துப் போரிடுகிறான். இங்கும் இணைக்க லெவல் 10தான். கதையில் முன்னேறியபின் பிடிபடும் மான்ஸ்டர்கள் பல அந்த அளவைத் தாண்டியே வருவதால், ஆரம்பத்தில் பிடித்ததையே கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை.

என் வரிசை இதுதான்: ஒன்றாவதை முடித்ததும் பில்டர்ஸ். இரண்டாவதை முடித்ததும் பில்டர்ஸ் 2, ஏனென்றால் அதில் கூட வரும் தோழன் யாரென்று அப்போதுதான் புரியும். நான்காவதுக்குப் பின் தி டார்க் பிரின்ஸ். பதினொன்றாவதுக்குப் பின், அதில் வரும் எரிக்கும் மியாவும் சிறுவர்களாக அலையும் 'ட்ரெஷர்ஸ்'. டோர்னெகோவின் முதல் விளையாட்டு ஜப்பானுக்கு வெளியே அதிகாரபூர்வமாக வரவில்லை. ஆங்கிலத்தில் கிடைப்பது 2000இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த 'டோர்னெகோ: தி லாஸ்ட் ஹோப்' மட்டுமே. கட்டுரையின் அட்டவணையில் எண் விளையாட்டுகளுக்கு எதிரே இவற்றையும் சேர்த்து, பேட்டரி பற்றிய வரியைத் திருத்தி அடுத்த இதழில் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி