செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: சாலைப் பணிகளும் நம் தெருக்களின் காற்றும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மழைநீர் வடிகால், குடிநீர்க் குழாய், மின்வடம் என ஒன்றன்பின் ஒன்றாக நம் பிரதான சாலை தோண்டப்பட்டதால் எழுந்த தூசியைப் பற்றியே இவ்வாண்டு அதிகப் புகார்கள் வந்தன. ஆகவே செயற்குழு இதனையே முதன்மைப் பணியாக எடுத்துக்கொண்டது.

நம் நாட்டில் 2009 முதல் நடைமுறையில் உள்ள தரநிலையின்படி, 24 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் பிஎம் 10 எனப்படும், 10 மைக்ரோமீட்டருக்கு மேற்படாத விட்டமுள்ள துகள்கள் 100 மைக்ரோகிராமையும், அதனினும் நுண்ணிய பிஎம் 2.5 துகள்கள் 60 மைக்ரோகிராமையும் தாண்டக் கூடாது. உலக சுகாதார அமைப்பு 2021இல் இவற்றுக்கு முறையே 45, 15 என்ற அளவுகளைப் பரிந்துரைத்தது. பொதுவாக நாம் பழி சொல்வது வாகனப் புகையைத்தான். ஆனால் 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 என்னும் வாகனப் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தபின் புதிய வண்டிகளின் புகை குறைந்திருக்க, சக்கரங்கள் கிளப்பும் மண்ணும், டயரும் பிரேக்கும் தேய்ந்து உதிரும் துகளும் அப்படியேதான் இருக்கின்றன. மின்சார வண்டியும் இதற்கு விலக்கன்று.

இந்த மண் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தபோது, தார்ச் சாலை முடியும் இடத்துக்கும் வடிகால் மூடிக்கும் நடுவே தளம் போடாமல் விடப்பட்ட குறுகிய விளிம்பே முக்கியக் காரணமாகத் தெரிந்தது. காலையில் துப்புரவுப் பணியாளர் அங்கே கூட்டிக் குவித்த மண்ணை அள்ள வண்டி வருவதற்குள், ஓரம் ஒதுங்கும் முதல் பேருந்தே அதை இஸ்திரிக் கடையின் வெள்ளை வேட்டிகள் மீது இறைத்துவிடுகிறது. கூட்டுபவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

பழைய சாலையைச் சுரண்டி எடுத்த பின்னரே புதிய தார் போட வேண்டும் என்ற அரசின் 2021ஆம் ஆண்டு உத்தரவை நம் சங்கம் வரவேற்றது. வீட்டு வாசல்கள் சாலை மட்டத்துக்குக் கீழே போவது அதனால் நின்றது. எனினும், சுரண்டிய தளத்தில் தங்கும் பொடியை அன்றே அகற்றாமல் போக்குவரத்தை விட்டால், அத்தனையும் அரைபட்டு மேலெழுகிறது. ஆகவே சுரண்டலுக்கும் தார் போடுவதற்கும் இடையிலான நாட்களைக் குறைக்க வேண்டும் என்று மனுவில் கேட்டுள்ளோம்.

சந்திப்பில் மேம்பாலம் கேட்க வேண்டும் என்று சில உறுப்பினர்கள் வற்புறுத்தினர். சிக்னலில் நின்று உறுமும் வண்டிகள் முதலில் குறையும் என்பது உண்மைதான். ஆனால் இடம் பெருகினால் வண்டியும் பெருகும். இருபுறமும் உயர்ந்த கட்டடங்கள் உள்ள நம் சாலையில், பாலத்தின் அடியில் காற்று தேங்கவும் கூடும். தென்கொரியத் தலைநகர் சியோலில் சொங்கேசொன் ஓடையை மூடியிருந்த உயர்மட்டச் சாலையை 2003இல் இடிக்கத் தொடங்கி, 2005இல் ஓடையை மீட்டுத் திறந்தார்கள். பலர் அஞ்சியபடி நகரம் ஸ்தம்பித்துவிடவில்லை. நமக்கு அருகிலேயே, 2019இல் நடைபாதை அகலப்படுத்தப்பட்ட பாண்டி பஜாரில் கடை வாசல்வரை தளம் பாவப்பட்டிருப்பதால், மண் பறக்க வழி குறைவு. இத்தகைய மாற்றங்களில் வண்டிகள் பக்கத் தெருக்களுக்குத் திரும்பிவிடும் என்ற கவலையையும் நாம் ஒதுக்கிவிட முடியாது. இவை எல்லாவற்றையும் எடைபோட்டுப் பார்த்து, மேம்பாலக் கோரிக்கையைச் செயற்குழு பெரும்பான்மையுடன் தள்ளிவைத்தது.

விளிம்புவரை தளம் பாவுதல், தோண்டிய மண்ணைத் தார்ப்பாயால் மூடுதல், குழி மூடியவுடன் தார் போடுதல் ஆகியவற்றைக் கோரும் தீர்மான வரைவு இவ்வறிக்கையுடன் உள்ளது. திருத்தம் கூற விரும்புவோர் வாக்கெடுப்புக்கு முன் எழுத்தில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்