முதலில் மாஸ்க்

அன்புள்ள செல்வம்,

இத்தனை நாள் பதில் போடவில்லை என்று திட்டாதே. இங்கே எல்லோரும் சௌக்கியம். உனக்குச் சின்ன ஜெட்டுக்கு டைப் ரேட்டிங், அதாவது அந்த ரக விமானத்தை ஓட்டும் தகுதி, கிடைத்துவிட்டது, இனி தனியாகவே ஓட்டப்போகிறாய் என்று தாடிக்காரன் சொன்னான். ரொம்ப சந்தோஷம்டா. ஆனால் அதைக் கேட்ட வாரம்தான் நான் காற்றழுத்த அறைப் பயிற்சிக்குப் போய்வந்தேன். அங்கே பார்த்ததை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

25,000 அடி உயரத்தில் இருக்கிற அளவுக்குக் காற்றைக் குறைத்து, ஆக்சிஜன் மாஸ்க்கைக் கழற்றச் சொன்னார்கள். 100-லிருந்து ஏழு ஏழாகக் கழித்து எழுத வேண்டும். எதிரே இருந்தவர் பழுத்த பைலட். 93, 86, 79 வரை சரி. அப்புறம் 79-ஐயே வரிசையாக எழுதிக்கொண்டு போகிறார். நகமெல்லாம் நீலம், முகத்தில் சிரிப்பு. மாஸ்க்கைப் போடுங்கள் என்றால் தலையை ஆட்டுகிறார், கை எழவில்லை. பயிற்சியாளர்தான் போட்டுவிட்டார். தெளிந்ததும், "ஏன் நிறுத்தினீர்கள், நன்றாகத்தானே எழுதிக்கொண்டிருந்தேன்?" என்று கேட்டார்.

செல்வம், எனக்கு அந்தச் சிரிப்புதான் பயம். மூச்சு முட்டினால் யாரும் பதறி எதையாவது செய்வார்கள். இப்படி ஆக்சிஜன் குறையும்போது பலருக்கு முட்டுவதே இல்லை, சுகமாகக்கூட இருக்கும். 25,000 அடியில் 3 முதல் 5 நிமிடம் புத்தி வேலை செய்யும். நீ போகப்போகும் 40,000-ல் 15, 20 நொடிதான். கேபினில் காற்றழுத்தம் சட்டென்று போனால் அதிலும் பாதி. உன்னுடையது சின்ன கேபின், காற்று காலியாக நேரமே ஆகாது.

1999-ல் கோல்ஃப் வீரர் பெய்ன் ஸ்டூவர்ட் போன லியர்ஜெட் விமானம் நினைவிருக்கிறதா? கேபின் அழுத்தம் போய், உள்ளே யாருக்கும் நினைவில்லாமல் அது மணிக்கணக்கில் பறந்து அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் விழுந்தது. 2005-ல் ஹீலியோஸ் நிறுவன விமானத்தில் கேபின் அழுத்த எச்சரிக்கை ஒலி கேட்டது. பைலட்டுகள் அதை வேறு எச்சரிக்கை என்று நினைத்து, என்ன கோளாறு என்று பேசிக்கொண்டிருந்தார்கள். 121 பேர் போய்விட்டார்கள்.

அதனால் கேபின் அழுத்த எச்சரிக்கை விளக்கு எரிந்தால் சென்சார் கோளாறோ என்று யோசிக்கவே யோசிக்காதே. முதலில் மாஸ்க், 100 சதவீத ஆக்சிஜன், மைக்கை மாஸ்க்குக்கு மாற்று. யோசனையெல்லாம் அதற்கு அப்புறம். பிறகு எஞ்சின் விசையை ஐடிலுக்கு, அதாவது மிகக் குறைவுக்கு இழு, காற்றைத் தடுக்கும் ஸ்பீட் பிரேக்கை விரி, மூக்கைத் தாழ்த்தி 10,000 அடிக்கு இறங்கு. கீழே மலை இருந்தால் அங்கே எது பாதுகாப்பான உயரமோ அதுவரைக்கும்தான். விமானத்தின் பாடியில் சேதம் இருக்கும் என்று சந்தேகம் வந்தால் வேகத்தைக் கூட்டாதே. 7700 என்ற ஆபத்து எண்ணைப் போடுவதையும் ரேடியோவில் மேடே என்று உதவி கேட்பதையும் இறங்கிக்கொண்டே பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. கிளம்பும் முன் ஆக்சிஜன் அளவைப் பார்ப்பதோடு விடாதே. மாஸ்க்கை ஒரே கையால் எடுத்து மாட்டி, மூச்சு இழுத்து, மைக்கில் பேசிப் பார். தனியாகப் பறக்கிறவனுக்குப் பக்கத்தில் மாட்டிவிட ஆள் இல்லை. தாடிக்காரனிடமும் சொல், தாடி இருந்தால் மாஸ்க் சரியாக ஒட்டாது. கோபப்படுவான், படட்டும்.

கேபின் அழுத்தம் போனால் ஆட்டோபைலட் தானாகவே இறக்கும் வசதி உன் விமானத்தில் உண்டா? உடனே எழுது.

உன்,
ரவி