நலவாழ்வு மையத் திருப்பணி: உறுப்பினர்களுக்குப் பணிக்குழுவின் நிறைவு அறிக்கை

மதிப்பிற்குரிய சங்க உறுப்பினர்களுக்குப் பணிக்குழுவின் வணக்கம்.

வடசென்னையில் நம் வார்டின் நகர்ப்புற நலவாழ்வு மையத்திலும் அதைச் சுற்றியுள்ள தெருக்களிலும் ‘நமக்கு நாமே’ திட்டத்தின்கீழ் மேற்கொண்ட பணிகள் முடிந்து, மாநகராட்சியிடம் முறைப்படி ஒப்படைக்கப்பட்டுவிட்டன. மதிப்பீட்டுத் தொகையில் மூன்றில் ஒரு பங்கைப் பொதுமக்கள் செலுத்தினால் எஞ்சியதை அரசு ஏற்கும் என்பது இத்திட்டத்தின் விதி. அந்த ஒரு பங்கைத் தந்தவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலிக்குச் செல்பவர்கள். அவர்கள் பணம் எதற்குச் செலவானது, ஏன் அதற்கே செலவானது என்பதை விளக்குவது எங்கள் கடமை.

தொடக்கக் கூட்டத்தில் உறுப்பினர்கள் சிலர் ஸ்கேன் கருவி வாங்கித் தரலாம் என்று நல்லெண்ணத்துடன் கூறினார்கள். அக்கருவியை, கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்ற இடத்தில், உரிய தகுதி பெற்றவர் மட்டுமே இயக்க வேண்டும். மேலும், ஸ்டான்லி மருத்துவமனை பேருந்தில் சென்றுவரும் தொலைவிலேயே இருக்கிறது. நம் தெருக்களில் நோய் முற்றுவதற்குக் கருவி இல்லாதது காரணமன்று. சர்க்கரை நோய்க்கு மாத்திரை வாங்க ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும் என்றால் கட்டடத் தொழிலாளி மாத்திரையையே விட்டுவிடுகிறார். காலில் புண் வைத்த பிறகுதான் பெரிய மருத்துவமனைக்குப் போகிறார். அதே நோயுள்ள, மாதச் சம்பளம் வாங்கும் ஒருவருக்கு அந்த நிலை எளிதில் வருவதில்லை. ஒரே நகரில் வாழும் இருவருக்கிடையே இந்த வேறுபாட்டை உண்டாக்குவது நேரமும் கூலியும் குடிநீருமே என்பதால், பணத்தை அவற்றின் பக்கமே செலுத்தினோம்.

2023 ஜூன் 6 அன்று தமிழ்நாட்டில் 500 நலவாழ்வு மையங்கள் ஒரே நாளில் திறக்கப்பட்டபோது, அவை காலை 8 முதல் 12 வரையிலும் மாலை 4 முதல் 8 வரையிலும் இயங்கும் என்று வகுக்கப்பட்டது. கூலி வேலை முடிந்து வருபவர்களுக்கு அந்த மாலை நேரமே உயிர்நாடி. ஆயினும் நம் மையத்துக்கு மாலையில் பெண்கள் குறைவாகவே வந்தார்கள். சந்தில் விளக்கு இல்லை, கழிப்பறை பயன்படும் நிலையில் இல்லை, மழை பெய்தால் வாசலிலேயே முழங்கால் அளவு நீர் நின்றது. தெருவிளக்கு, பெண்களுக்கான கழிப்பறை, சாய்தளம், உயர்த்திய வாசல், மழைநீர் வடிகால் ஆகிய ஐந்தும் இப்போது பயன்பாட்டில் உள்ளன.

அதிகக் கவனத்தையும் உழைப்பையும் கோரியது குடிநீர்க் குழாய்ப் பணி. நம் தெருக்களில் குழாயும் கழிவுநீர்ப் பாதையும் அருகருகே செல்கின்றன. நீர் விடப்படாத வேளையில் குழாய்க்குள் அழுத்தம் இராது; அந்நேரத்தில் அடிபம்பையோ மோட்டாரையோ இயக்கினால், விரிசல்கள் வழியே வெளியில் தேங்கிய கழிவுநீர் உள்ளே இழுக்கப்படுகிறது. முதலில் வரும் நீர் கலங்கி நாறுவது இதனால்தான். மழைக்காலத்தில் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கும் பெரியவர்களுக்கு மஞ்சள்காமாலையும் வருவதும் பெரும்பாலும் இவ்வழியில்தான். எனவே பழுதான வீட்டு இணைப்புகள் குடிநீர் வாரியப் பொறியாளர்களின் மேற்பார்வையில் மாற்றப்பட்டன. தெருவின் கடைசி வீட்டுக் குழாயில் கிருமிநீக்கத்துக்குச் சேர்த்ததில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது. அந்த வீட்டில்தான் நீரைச் சோதிக்க வேண்டும் என்பதில் நாங்கள் உறுதியாக இருந்தோம், ஏனெனில் முதல் வீட்டில் நல்ல நீர் வருவது கடைசி வீட்டுக்குச் சான்றாகாது. நீரில் சோதனைக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, குளோரினைக் காட்டும் மஞ்சள் நிறம் பார்க்கும் முறையை நம் மகளிர் சுயஉதவிக் குழுவினர் கற்று, இப்போது அவர்களே செய்கிறார்கள்.

காத்திருக்கும் கூடத்தைக் கண்ணாடியிட்டுக் குளிரூட்டலாம் என்ற யோசனையை ஏற்கவில்லை. காசநோய் காற்றில் பரவுவது. மூடிய அறையில் இருமுபவருக்கு அருகே கைக்குழந்தையும் உட்கார்ந்தால் ஆபத்து. ஆகவே எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து, இருமல் உள்ளவர்களுக்கு வெளியே தனிக் கூரை அமைத்தோம். புதன்கிழமைத் தடுப்பூசிக்கு வரும் தாய்மார்களுக்குப் பாலூட்டும் அறையும் உண்டு.

கட்டடத்துக்கு அப்பாற்பட்ட ஒரு பணியையும் சேர்த்துக்கொண்டோம். காசநோயாளிகளுக்கு மாதந்தோறும் ஊட்டச்சத்துக்காகத் தரப்படும் தொகை 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகங்கள் உட்பட 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி கிடைக்கிறது. அதன் முதல் தவணைக்குப் கருவுற்ற பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவு செய்து, கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் பதிவு எண்ணான பிக்மி எண் பெற வேண்டும். வங்கிக் கணக்கில் பெயர்ப் பிழை, வாடகை வீட்டுக்கு முகவரிச் சான்று இல்லாமை போன்ற காரணங்களால் இவை மிகவும் வறியவர்களுக்கே தவறிப்போகின்றன. மாலை வேளையில் படிவம் நிரப்பித் தர இளைஞர்கள் மேசை போட்டு அமர்கிறார்கள். மொத்தச் செலவில் மிகச் சிறியது இது. பயனில் இதற்கு இணையாக வேறொன்றை நாங்கள் சொல்ல மாட்டோம்.

தணிக்கையாளர் கையொப்பமிட்ட வரவு செலவுக் கணக்கு சங்க அலுவலகத்தில் வைக்கப்பட்டுள்ளது. எந்த உறுப்பினரும் பார்வையிடலாம். கால்வாய்க் கரையை ஒட்டிய இரண்டு தெருக்களில் குழாய் மாற்றும் பணி இத்திட்ட மதிப்பீட்டில் இடம்பெறவில்லை. மீதமுள்ள நன்கொடைத் தொகையை அத்தெருக்களின் மக்கள் பங்களிப்பாக ஒதுக்கி, புதிய விண்ணப்பத்தை மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் அளிக்கப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறோம்.

இவண்,
திருப்பணிக் குழுவினர்