தொப்பியில் சிரிக்கிற முகம்

வத்தலகுண்டு,
ஞாயிறு இரவு

அன்புள்ள தம்பி,

அம்மா எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுகிறாய். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அதனால்தான் இது. மூட்டு வலி பரவாயில்லை. பருப்புப் பொடியும் வடகமும் அடுத்த வாரம் கூரியரில் போடுகிறேன்.

காலையில் நீ சொன்னது மனசை விட்டுப் போகவில்லை. பேரன் படிக்கிற பள்ளிக்கூடத்து அணிகளுக்கு 'இண்டியன்ஸ்' என்று பெயர் (அமெரிக்கப் பூர்வகுடி ஜனங்களை அங்கே அப்படித்தான் சொல்லிவந்தார்கள்), அதை மாற்றலாமா என்று பேச்சு நடக்கிறது, மாற்றவே கூடாது என்று பழைய மாணவர்கள் மனு எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள், நீயும் போடப் போகிறாய். "நாமதாம்மா அசல் இந்தியர்கள், நமக்கே உறுத்தலையே" என்று சிரித்தாய். நானும் கூடவே சிரித்துவிட்டேன். போனை வைத்த பிறகுதான் ஆணியில் மாட்டியிருக்கிற அப்பாவின் தொப்பி கண்ணில் பட்டது.

நீ கிளீவ்லாந்துக்குப் போன முதல் வருஷம் அனுப்பிய தொப்பி. அடர் நீலத் துணி, முன்னால் செக்கச்செவேல் என்று ஒரு முகம், வாய் நிறையப் பல், தலையில் ஒற்றை இறகு. அப்பா அதைப் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போய், "அமெரிக்காவுல நம்ம பேர்ல ஒரு டீம் இருக்குய்யா" என்று பெருமை அடித்தார். கடைக்காரர் உற்றுப் பார்த்துவிட்டு, "பேரு நம்ம பேருங்கறீங்க, மூஞ்சி நம்ம மூஞ்சியா இல்லையே சார்" என்றாராம். அப்பா அதை எத்தனை நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்! அப்படியானால் அது யார் மூஞ்சி என்று எங்கள் ரெண்டு பேருக்குமே அப்போது தோன்றவில்லை.

2017 ஏப்ரல் உனக்கு ஞாபகம் இருக்கும். தியாகராஜ ஆராதனைக்காக நாங்கள் வந்திருந்தோம். 1978-லிருந்து அந்தக் குளிர் ஊரில் நடக்கிற கச்சேரிகளைக் கேட்காமல் சாகக் கூடாது என்று அப்பா பிடிவாதம் பிடித்தார். கச்சேரிக்கு நடுவே ஒரு நாள் எங்களைப் பேஸ்பால் பார்க்கக் கூட்டிப் போனாய். சொந்த மைதானத்தில் அந்த சீசனின் முதல் ஆட்டம். வாசலுக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு சின்னக் கூட்டம் அட்டை பிடித்துக்கொண்டு நின்றது. 'நாங்கள் மனிதர்கள், மஸ்காட் இல்லை' என்று ஒரு அட்டையில் எழுதியிருந்ததை நீதான் படித்துச் சொன்னாய்; மஸ்காட் என்றால் அணியின் அடையாளப் பொம்மை என்றாய். "வருஷா வருஷம் வருவாங்க, கண்டுக்காதம்மா" என்றும் சொன்னாய்.

அங்கே என் வயசில் ஒரு அம்மாள் கம்பளி போர்த்திக்கொண்டு நின்றார். அவர் முதலில் அப்பாவின் தொப்பியைப் பார்த்தார், அப்புறம் அப்பாவின் முகத்தைப் பார்த்தார். திட்டவில்லை, முறைக்கவும் இல்லை. உள்ளே போய் உட்கார்ந்ததும் அப்பா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அந்தக் குளிரில்! "தலை அரிக்குது" என்றார். ஊருக்கு வந்த பிறகு ஆணியில் மாட்டியவர்தான், அப்புறம் அதை எடுக்கவில்லை.

ரிட்டயர் ஆனவளுக்கு நேரத்துக்கு என்ன பஞ்சம்? அதற்கப்புறம் இதைப் பற்றி நிறையப் படித்தேன். நீ பத்து வருஷத்துக்கு மேல் கைதட்டிய கிளீவ்லாந்து பேஸ்பால் டீமுக்கும் 'இண்டியன்ஸ்' என்றுதான் பெயர், அது வந்தது 1915-ல். அதற்கு முன் நாப் லாஜோய் என்ற ஆட்டக்காரர் பெயரால் 'நாப்ஸ்'. அவர் போய்விட்டார், புதுப் பெயர் தேவைப்பட்டது. முந்தின வருஷம்தான் பாஸ்டன் பிரேவ்ஸ் கோப்பையை வாங்கியிருந்தார்கள் ('பிரேவ்' என்றால் பூர்வகுடிப் போர்வீரன்), அந்தச் சாயலிலேயே ஒரு பெயர். லூயிஸ் சாக்கலெக்சிஸ் என்ற பெனாப்ஸ்காட் பூர்வகுடி இனத்து ஆட்டக்காரரைக் கௌரவிக்க வைத்தது என்று கிளப்காரர்கள் பின்னால் சொல்லிக்கொண்டார்கள். அந்த மனுஷன் 1897-ல் கிளீவ்லாந்துக்காக ஆடியபோது பார்வையாளர்கள் அவரைப் பார்த்துப் போர்க்கூச்சல் மாதிரி ஊளையிட்டுக் கேலி செய்தார்கள். உயிரோடு இருந்தவரைக் கேலி. செத்த பிறகு கௌரவமாம். நமக்குத் தெரியாத வழக்கமா இது?

இப்போது நான் உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

1994-ல் என் கோ-கோ டீமில் ஒரே பெயரில் ரெண்டு பெண்கள். வித்தியாசம் தெரிவதற்காக ஒருத்தியை நான் 'கறுப்பி' என்று கூப்பிட்டேன். கெட்ட எண்ணம் கிடையாது, என் டீமிலேயே எனக்குப் பிடித்த பிள்ளை அவள்தான். ரெண்டே வாரத்தில் பள்ளிக்கூடம் முழுக்க அதுவே பெயர் ஆகிவிட்டது. மண்டலப் போட்டியில் அவள் கம்பத்தைச் சுற்றித் திரும்பும்போதெல்லாம் மைதானமே "கறுப்பி! கறுப்பி!" என்று கத்தும். அவள் ஓடிக்கொண்டே சிரிப்பாள். பதினேழு வருஷம் கழித்துத் தன் மகளை ஆறாம் வகுப்பில் சேர்க்க வந்தாள். நான் ஆசையாக "அடியே கறுப்பி!" என்று கூப்பிட்டேன். அதே சிரிப்பு. அந்தக் குழந்தை "அம்மா, உன்னையா கூப்பிடறாங்க?" என்று கேட்டது. குழந்தை தண்ணி குடிக்கப் போகிற வரைக்கும் பொறுத்திருந்து அவள் சொன்னாள்: "அப்பவும் எனக்குப் பிடிக்காது டீச்சர். அந்தப் பேரைச் சொல்லித்தானே எல்லாரும் கை தட்டினீங்க, நான் என்ன பண்ண?"

பதிமூன்று வயசில் அவளிடம் யாராவது காகிதமும் பேனாவும் கொடுத்து, "இந்தப் பேர் உனக்குக் கஷ்டமா இருக்கா?" என்று கேட்டிருந்தால் "இல்லை" என்றுதான் எழுதியிருப்பாள். அதனால்தான் நீ காட்டுகிற கருத்துக்கணிப்பு என்னிடம் செல்லாது. 2016-ல் வாஷிங்டன் போஸ்ட் 504 பூர்வகுடி அமெரிக்கர்களிடம் வாஷிங்டன் ஃபுட்பால் அணியின் 'ரெட்ஸ்கின்ஸ்' (சிவப்புத் தோல்காரர்கள்) என்ற பெயரைப் பற்றிக் கேட்டது, பத்தில் ஒன்பது பேர் கவலையில்லை என்றார்கள், உண்மைதான். 2020-ல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டபோது ஏறக்குறையப் பாதிப் பேர் புண்படுகிறது என்றார்கள். தங்கள் குலத்து வழக்கங்களை விடாமல் செய்கிறவர்களில் மூன்றில் ரெண்டு பங்கு. யாரிடம், எப்படிக் கேட்கிறோம் என்பதில் இருக்கிறது.

இன்னொன்று, வாத்தியார்ங்கிற முறையில் எனக்கு ஈரக்குலையைப் பிடித்த விஷயம். ஸ்டெஃபனி ஃப்ரைபர்க் என்று ஒரு உளவியல் பேராசிரியர், அவரே துலாலிப் பூர்வகுடி இனத்தைச் சேர்ந்தவர். பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு இந்த மாதிரி மஸ்காட் படங்களைக் காட்டிச் சோதித்தார். படம் பார்த்த பிள்ளைகள் தங்களையும் தங்கள் ஜனங்களையும் பார்க்காத பிள்ளைகளைவிடக் குறைவாக மதிப்பிட்டார்கள். காட்டிய படங்களில் ஒன்று 'சீஃப் வாஹூ'. அப்பா தொப்பியில் இருக்கிறதே, அதே முகம். 2005-லேயே அமெரிக்க உளவியல் சங்கம் இந்த மஸ்காட்டுகளையெல்லாம் விட்டுவிடச் சொல்லிவிட்டது.

வாஷிங்டன் கதையில் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. 'ரெட்ஸ்கின்' என்பது அகராதியிலேயே வசைச் சொல். தலைநகரத்து அணிக்கு அதுதான் பெயர். சூசன் ஹார்ஜோ என்ற பூர்வகுடிப் பெண்மணியும் கூட ஆறு பேரும் 1992-ல் அந்த வர்த்தகமுத்திரையை ரத்து செய்யக் கேட்டார்கள். பதினேழு வருஷம் இழுத்து, வழக்கைத் தாமதமாகப் போட்டீர்கள் என்று முடிந்தது. அமாண்டா பிளாக்ஹார்ஸ் என்ற பூர்வகுடிச் சின்னப் பெண் மறுபடி தொடங்கி 2014-ல் ஜெயித்தார். அதுவும் நிலைக்கவில்லை. முதலாளி டான் ஸ்னைடர், ஒருக்காலும் மாற்ற மாட்டேன், வேண்டுமானால் பெரிய எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள் என்று 2013-ல் பத்திரிகைக்காரர்களிடமே சொன்னார். அப்புறம் 2020-ல் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவரைப் போலீஸ் கொன்ற பிறகு ஊரே கொந்தளித்தது. மைதானத்துக்குத் தன் பெயரை வைக்கப் பணம் கொடுத்த ஃபெடெக்ஸ் நிறுவனம் ஜூலை 2-ம் தேதி பெயரை மாற்றச் சொன்னது. 13-ம் தேதி பெயர் போய்விட்டது. அந்த ஜனங்கள் 28 வருஷம் கேட்டு நடக்காதது, பணம் பேசியதும் பதினோரு நாளில் நடந்தது. 2025-ல் அமெரிக்க ஜனாதிபதியே பழைய பெயரைத் திரும்ப வைக்கச் சொன்னாரே, அந்த அணி அசையவில்லை. அதுவும் பணக் கணக்காகத்தான் இருக்கும், போகட்டும்.

"அப்படின்னா ஒஹாயோவையும் மாத்தணுமா?" என்று உன் மாநிலத்துப் பெயரைக் காட்டி நீ கேட்பாய். உன்னை எனக்குத் தெரியாதா? ஒஹாயோ என்பது செனகா பூர்வகுடி ஜனங்கள் அவர்கள் ஆற்றுக்கு அவர்களே வைத்த பெயர், நல்ல ஆறு என்று அர்த்தமாம். அவர்கள் வாயிலிருந்து வந்த சொல் அது. 'இண்டியன்' அப்படி இல்லையே. கொலம்பஸ் வழி தவறிப் போய் இறங்கி, நம் ஊருக்கு வந்துவிட்டோம் என்று நினைத்துச் சூட்டியது. நம் பெயர் அவர்கள் தலையில் விழுந்த கதை அது. நாம் போய் "எங்களுக்கு உறுத்தல" என்று கையெழுத்துப் போடுவது எப்படி இருக்கிறது சொல்!

நம் பாஷையும் இதில் சுத்தமில்லை. நாற்பது வருஷம் நான் 'செவ்விந்தியர்' என்றுதான் சொன்னேன், நீ ஒளித்துவைத்துப் படித்த காமிக்ஸிலும் அதுதான். 'செவ்' என்பதில் தோல் நிறம், 'இந்தியர்' என்பதில் கொலம்பஸ் தப்பு. ஒரே சொல்லில் ரெண்டும். இந்தக் கடிதத்தில் எல்லா இடத்திலும் அதை அடித்துத் திருத்த வேண்டியிருந்தது, பழைய கை கேட்க மாட்டேன் என்கிறது.

எல்லாப் பெயரையும் மாற்றித்தான் ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஃப்ளோரிடாவில் ஒரு பல்கலைக்கழக அணி 'செமினோல்ஸ்' என்று ஆடுகிறது. அந்த மாநிலத்துச் செமினோல் பழங்குடி மன்றமே தீர்மானம் போட்டுச் சம்மதம் கொடுத்தது. ஸ்போகேன் ஊரில் ஒரு சின்ன பேஸ்பால் டீம் 'ஸ்போகேன் இண்டியன்ஸ்'. அவர்கள் ஸ்போகேன் பழங்குடி ஜனங்களோடு உட்கார்ந்து பேசி, பூர்வகுடி முகம் எதுவும் மஸ்காட்டாக வேண்டாம் என்று வைத்து, சட்டையில் அந்த ஜனங்களின் சாலிஷ் மொழியிலேயே எழுதி ஆடுகிறார்கள். எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்திருக்கிறது. ஆனால் உங்கள் ஊரில் யாரைக் கேட்பீர்கள்? ஒஹாயோவிலிருந்து கடைசியாக வயாண்டாட் பூர்வகுடி ஜனங்களையும் 1843-ல் மேற்கே அனுப்பிவிட்டார்கள். இன்றைக்கு அரசு அங்கீகரித்த பழங்குடி ஒன்றுகூட அந்த மாநிலத்தில் இல்லை. ஆளை விரட்டிவிட்டு மைதானத்தில் பேரை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மனுவில் கையெழுத்துப் போடுகிறவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பதினாறு வயசில் அந்தச் சட்டையைப் போட்டு ஆடியிருப்பார்கள், அந்தப் பெயரோடு அவர்கள் வயசும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பிய்த்தால் வலிக்கும். 2021-ல் உங்கள் டீம் தன் புதுப் பெயர் 'கார்டியன்ஸ்' (காவலர்கள்) என்று அறிவித்தபோது நீ ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாய் என்று மருமகள் சொன்னாள். எனக்கும் அந்தப் பெயர் முதலில் செக்யூரிட்டி ஏஜென்சி மாதிரிதான் இருந்தது. அப்புறம் மைதானத்துக்குப் பக்கத்துப் பாலத்தில் நிற்கிற அந்தப் பெரிய கல் சிலைகளை வைத்துச் சூட்டியது என்று படித்தேன். நாம் காரில் போனபோது அப்பா ஜன்னல் வழியாகக் கும்பிட்டாரே, "எல்லைச்சாமி மாதிரி நிக்கிறாங்க, கையில ஆளுக்கு ஒரு வண்டி" என்று. அவையேதான். இப்போது உன் மகன் "கோ கார்ட்ஸ்" என்று கத்துகிறான், அவனுக்குப் பழைய பெயரே தெரியாது. ஒரு தலைமுறைகூட ஆகவில்லை பார்.

கையெழுத்து உன்னுடையது. போடாதே என்று சொல்ல நீ ஒன்றும் எட்டாம் வகுப்புப் பையன் இல்லை. பள்ளியில் கூட்டம் வைக்கிறார்கள் என்றாயே, அதற்குப் போ, பேரனையும் கூட்டிக்கொண்டு போ. அந்த ஜனங்களில் யாராவது பேச வந்தால் கடைசி வரைக்கும் உட்கார்ந்து கேள். போனைப் பார்க்காதே. அப்புறம் பேனாவை எடு.

அந்தக் கோ-கோ பெண்ணுக்குப் போன மாசம் நானே போன் செய்தேன். பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டேன். ஒரு நிமிஷம் அவளுக்கு என் குரலே பிடிபடவில்லை, "யாருங்க பேசறது?" என்று கேட்டாள்.

தொப்பியை என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை. உள்பட்டையில் அப்பாவின் வியர்வைக் கறை அப்படியே இருக்கிறது, தூக்கிப் போடக் கை வரவில்லை. இன்றைக்குச் சாயங்காலம் அந்த முகம் சுவரைப் பார்க்கிற மாதிரி திருப்பி மாட்டியிருக்கிறேன்.

வடகத்தை வெயில் பார்க்கும் நாளில் ஒரு தடவை காய வைத்துவிட்டு டப்பாவில் போடச் சொல்.

அம்மா