“பரவாயில்லை” என்று சொல்லாதவர்களுக்கு நன்றி

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களே,

தவறு செய்தவரையும் பாதிக்கப்பட்டவரையும் சேர்த்துவைக்கும் ஒப்புரவுப் பணியில் தோள்கொடுத்த சபை மூப்பர்கள், சாட்சிகளாக உடன் அமர்ந்தவர்கள், கணக்குப் பார்த்துக் கொடுத்தவர்கள் எல்லாருக்கும் இந்த மடல்.

முதல் நன்றி, மன்னிப்புக் கேட்க வந்தவரின் வாக்கியத்தைத் திருத்தியவர்களுக்கு. “தப்பு நடந்துபோச்சு” என்றால் அதில் செய்தவரே இல்லை. “மனசு புண்பட்டிருந்தா” என்றால் பழி புண்பட்டவர்மேல் சாய்கிறது. “ஆனா” வந்ததுமே அறிக்கை முடிந்து வாதம் தொடங்கிவிடும். ஜனங்கள் வணங்கிய பொன் கன்றுக்குட்டியைப் பற்றி மோசே கேட்டபோது, பொன்னை நெருப்பில் போட்டேன், கன்றுக்குட்டி வந்தது என்று அவர் அண்ணன் ஆரோன் சொன்னதும் இதே இலக்கணம்தான் (யாத்திராகமம் 32:24). கருவி பிடித்து அதை உருவாக்கியவன் அவனே என்று அதே அதிகாரத்தின் 4ஆம் வசனம் சொல்கிறது. “நான்” என்று தொடங்கு, செய்ததைப் பெயர் சொல்லிச் சொல், யாருக்கு என்ன இழப்பு என்று சொல், அங்கேயே நிறுத்து என்று பொறுமையாகக் கற்றுக்கொடுத்தீர்கள். பிறன் மனைவி பத்சேபாளை எடுத்துக்கொண்டதைத் தீர்க்கதரிசி நாத்தான் கண்டித்தபோது தாவீது ராஜா சொன்னது ஒரே வரி: “நான் கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன்.” அதில் பத்சேபாளும் இல்லை, சூழ்நிலையும் இல்லை.

கணக்குப் பார்த்தவர்களுக்குத் தனி நன்றி. பெரும்பாலும் காரியம் கெடுவது இந்த இடத்தில்தான்: கண்ணீரோடு ஜெபம் முடியும், எடுத்த பணம் எடுத்தபடியே இருக்கும். எண்ணாகமம் 5:7 முதலோடு ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்கிறது. 1,000 எடுத்தவர் 1,200 தரவேண்டும். தொகையையும் தவணைத் தேதியையும் நீங்கள் எழுதி வாங்கியது கடுமை அல்ல, அன்பு.

நெருங்கியவர்களின் தவறுக்குச் சாக்குச் சொல்ல மறுத்தவர்களே, உங்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது. “அவர் சுபாவம் அப்படி”, “ஊழியக்காரர், விட்டுவிடுங்கள்” என்பதெல்லாம் இரக்கம்போலக் கேட்கும். பிறனைக் கடிந்துகொள்ளாவிட்டால் அவன் பாவம் நம்மேலும் சுமரும் என்கிறது லேவியராகமம் 19:17. ஆசாரியன் ஏலி, தவறு செய்த தன் குமாரரிடம் பேசத்தான் செய்தான். அடக்கவில்லை (1 சாமுவேல் 3:13). “பரவாயில்லை” என்றால் கடனே இல்லை என்று பொருள். “மன்னிக்கிறேன்” என்றால் கடன் இருந்தது, விட்டுவிட்டேன் என்று பொருள். கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் இருப்பது இந்தக் கடன்தான்.

மத்தேயு 18:15–17இன் வரிசையையும் காத்தீர்கள்: முதலில் தனியே, பிறகு ஓரிருவரோடு, கடைசியில்தான் சபை. நடுப்படியைத் தாண்டினால் கண்டிப்பு வம்பாகிவிடும். வன்கொடுமையோ குழந்தைக்குத் தீங்கோ என்றால் பாதிக்கப்பட்டவரைத் தனியே போய்ப் பேசச் சொல்லாமல், நேரே காவல்துறையிடம் கொண்டுபோனீர்கள். அதற்காகத் தேவனைத் துதிக்கிறோம்.

கலாத்தியர் 6இல் 2ஆம் வசனத்திலும் 5ஆம் வசனத்திலும் தமிழில் “பாரம்” என்றே வருகிறது. கிரேக்கத்தில் சொற்கள் வேறு: முன்னது ஆளை அமுக்கும் சுமை, பின்னது அவரவர் தூக்கிப் போகவேண்டிய மூட்டை. முன்னதில் கைகொடுத்தீர்கள், பின்னதை அவரவர் தோளிலேயே விட்டுவைத்தீர்கள்.

கிறிஸ்துவின் அன்பில்,
ஒப்புரவுப் பணிக்குழுவினர்