அறுப்பின் பண்டிகைக்குத் துணைநின்ற அனைவருக்கும் நன்றி மடல்

கர்த்தருக்குள் அன்பான சபையாருக்கும், ஊர்ப் பெரியோருக்கும், வெளியூர்களிலிருந்து வந்து எங்களோடு ஆராதித்த உறவினர்களுக்கும் நம் ஆண்டவரும் இரட்சகருமாகிய இயேசு கிறிஸ்துவின் இனிய நாமத்தில் வாழ்த்துதல்கள்.

தாமிரபரணிப் பாசனத்தையும் பனங்காட்டையும் நம்பி வாழும் எங்கள் சபையார், விளைச்சலின் பலனைக் கர்த்தருக்கு நன்றியோடு படைக்கும் அறுப்பின் பண்டிகை, தேவ கிருபையால் இவ்வாண்டும் நிறைவாக நடந்தேறியது. வழக்கமாக, மறுவாரத்து அறிவிப்பு வேளையிலேயே நன்றி சொல்லி முடித்துவிடுவோம். பலரது உழைப்பு ஒருவர் கண்ணிலும் படாமல் நடந்ததால், இம்முறை அதை எழுத்தில் வைக்க வேண்டுமென்று பரிபாலனக் கமிட்டி விரும்பியது.

“அவர் முந்தி நம்மிடத்தில் அன்புகூர்ந்தபடியால் நாமும் அவரிடத்தில் அன்புகூருகிறோம்” என்ற 1 யோவான் 4:19 பண்டிகையின் ஆதார வசனமாயிருந்தது. செய்தி கொடுத்த சேகர (பல சபைகள் சேர்ந்த வட்டார) குருவானவர், உபாகமம் 26-ஆம் அதிகாரத்தின் முதற்பலன் கூடையை நம் முன் வைத்தார். இஸ்ரவேலன் தன் நிலத்தின் கனியைப் பீடத்தண்டை கொண்டுவரும்போது, விளைச்சலின் பெருமையையோ தன் உழைப்பையோ அங்கே பேசுவதில்லை. எகிப்தில் தன் முன்னோர் ஒடுக்கப்பட்டதையும், அவர்கள் கூப்பிட்டதைக் கர்த்தர் கேட்டதையும், பலத்த கையினால் அவர்களைப் புறப்படப்பண்ணினதையும் அறிக்கையிட்டு, அதன் பின்பே தொழுதுகொள்ளுகிறான். அவன் படைக்கும் எதுவும் தேவ அன்பை வாங்கும் விலையாகாது. ஏற்கெனவே பெற்றுக்கொண்ட அன்புக்கு அவன் கொடுக்கும் மறுமொழியாக மட்டுமே அது இருக்க முடியும். இந்தச் செய்தியை ஆயத்தம் பண்ணிக் கொடுத்த குருவானவருக்கு எங்கள் முதல் நன்றி.

அந்த மறுமொழியை ஆண்டு முழுவதும் அடுக்களையிலேயே கொடுத்துவருகிறவர்கள் எங்கள் தாய்மார்கள். உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் இடும் பிடியரிசிக் காணிக்கையை, வேலை இல்லாத வாரங்களிலும் அவர்கள் நிறுத்தவில்லை. பண்டிகையன்று, கலயங்களைப் பீடத்தின் முன் ஒவ்வொன்றாகக் கவிழ்த்தபோது, ரேஷன் அரிசியும் பொன்னியும் புழுங்கலும் பச்சையும் ஒரே பாயில் ஒன்றாய்க் கலந்து குவிந்தன. 1903-ஆம் ஆண்டு இந்திய மிஷனரி சங்கம் திருநெல்வேலித் திருச்சபையில் பிறந்து, தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல் பகுதிக்கு ஊழியரை அனுப்பியபோது, வெளிநாட்டுப் பணத்தை எதிர்பாராமல் நம் மக்களின் காணிக்கையைக் கொண்டே அந்தப் பணியை நடத்தத் துணிந்தார்கள். வெள்ளாளன்விளையில் பிறந்து, பின்னர் 1912-இல் தோர்ணக்கல் பேராயரான வேதநாயகம் சாமுவேல் அசரியா அந்த முயற்சியில் முன்நின்றவர். எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் அந்த வழியில்தான் நடக்கிறார்கள் என்பதைச் சொல்வதில் எங்களுக்குப் பெருமை உண்டு.

காணிக்கைப் பொருட்களை ஏலம் விட்ட வாலிபர் சங்கத்துப் பிள்ளைகளுக்கும், வெயிலில் நின்று ஏலம் கேட்ட அனைவருக்கும் நன்றி. வாழைத்தார், தேங்காய், நார்ப்பெட்டியில் கருப்பட்டி, நாட்டுக்கோழி, ஆட்டுக்குட்டி என்று வந்த காணிக்கைகளுக்கிடையே, கூலி வேலை செய்யும் ஒரு முதிய தாயார் முருங்கைக்கீரைக் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து வைத்திருந்தார். அதை முதலில் எடுத்தவர் பணத்தைக் கொடுத்துவிட்டு, மறுபடி ஏலம் விடும்படி கீரையைத் திரும்ப மேஜையில் வைத்தார். அடுத்து எடுத்தவரும் அப்படியே செய்தார். “ஒரு தரம், இரண்டு தரம்” என்ற குரல் அந்தக் கீரை வாடத் தொடங்கும்வரை ஓயவில்லை. மொத்தத் தொகை எவ்வளவு என்பதை ஆலய அறிவிப்புப் பலகையில் காணலாம். ஏழை விதவை போட்ட இரண்டு காசைக் கண்ட ஆண்டவர் இந்தக் கீரைக் கட்டையும் கண்டிருப்பார் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை.

பாடகர் குழுவினருக்கு ஒரு தனி நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். பாமாலைப் பாட்டுகளோடு, தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) முதலானோர் நமக்கு விட்டுச்சென்ற கீர்த்தனை மரபையும் அவர்கள் கைவிடவில்லை; ஆர்மோனியமும் மிருதங்கமும் சபையின் குரலுக்குக் கீழேயே அடங்கி ஒலிக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். பாடகர் குழு சபைக்காகப் பாடுவதைவிட, சபையைப் பாடவைப்பதே பெரிய ஊழியம் என்பது எங்கள் எண்ணம். அனுபல்லவியைப் பின்வரிசையில் இருந்த வயதானவர்கள் ஏடு பார்க்காமல் எடுத்துப் பாடியது, அந்த ஊழியத்துக்குக் கிடைத்த பலன்.

ஆராதனை முடிந்தபின், படுக்கையிலிருக்கும் முதியோருக்கு வீடு வீடாகத் திருவிருந்து (கிறிஸ்துவின் நினைவாகப் பெறும் அப்பமும் திராட்சரசமும்) கொண்டுசென்ற குருவானவரோடு, அவருக்குத் துணையாகச் சபையில் ஊழியம் செய்யும் உபதேசியாரும் இளைஞர் சிலரும் நடந்தார்கள். பனையேறி வாழ்ந்த பெரியவர் ஒருவர், படுத்தபடியே பெற்றுக்கொள்ளலாம் என்று எவ்வளவோ சொல்லியும் சம்மதிக்கவில்லை. வெள்ளைச் சட்டையை அணிவிக்கச் சொன்னார். மகன் பின்னால் அமர்ந்து தன் மார்பில் தாங்கிக்கொள்ள, நிமிர்ந்து உட்கார்ந்து, காய்ப்பேறிய இரு கைகளையும் ஏந்தி அப்பத்தை வாங்கினார். ஆராதனை என்றால் என்னவென்று அந்த இளைஞர்களுக்கு இனி யாரும் விளக்க வேண்டியதில்லை. அவரை ஆயத்தப்படுத்திய குடும்பத்தாருக்கும், இத்தகைய வீடுகளில் இரவும் பகலும் நோயாளிகளைப் பராமரிப்போருக்கும் எங்கள் வணக்கத்தைத் தெரிவிக்கிறோம்.

உபாகமத்தின் அதே பகுதி, லேவியனும் அந்நியனும் கூடவே மகிழ வேண்டும் என்று கட்டளையிடுகிறது. அசனம் என்னும் பொது விருந்தின் பந்தியில் அதைக் கண்கூடாகக் கண்டோம். முந்தின இரவே அடுப்பு மூட்டிய சமையற்காரர்கள், விடிய விடியக் காய் நறுக்கியவர்கள், எச்சில் இலை எடுத்த பிள்ளைகள், அதிகாலையில் மணியடித்துக் கதவு திறந்து கடைசி விளக்கை அணைக்கும்வரை ஓயாத கோயில்குட்டியார், மைக் செட்டும் பந்தலும் போட்டவர்கள், மறுநாள் தெருவைச் சுத்தம் செய்த தூய்மைப் பணியாளர்கள் ஆகிய எல்லாருக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். அண்டாக்களைத் தந்துதவிய இந்துச் சகோதரர்களும், காணிக்கைப் பொருட்களை ஏற்றிவரத் தம் டிராக்டரைக் கூலி வாங்காமல் அனுப்பிய இஸ்லாமியச் சகோதரரும் எங்களோடு பந்தியில் அமர்ந்து உண்டது பண்டிகையின் மகிழ்ச்சியை நிறைவாக்கியது.

பண்டிகையில் சேர்ந்த அரிசியில் ஒரு பங்கு, சபை வேறுபாடு பாராமல் ஊரிலுள்ள ஆதரவற்ற முதியோர் வீடுகளுக்குச் சென்றுகொண்டிருக்கிறது. மீதி மிஷனரிப் பணிக்கு அனுப்பப்படுகிறது. கழுவிக் காயவைத்த கலயங்களைப் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் வீடுகளில் திரும்பக் கொடுத்துவருகிறார்கள். புதிதாகக் கலயம் வேண்டுவோர் உபதேசியாரிடம் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம்.

கிறிஸ்துவின் பணியில்,
சபைச் செயலாளர்,
பரிபாலனக் கமிட்டியாருக்காக