அக்கா, அந்தப் படத்தை நீக்கச் சொல்லிவிட்டேன்

அக்கா,

மே 18, முள்ளிவாய்க்கால் நினைவுநாள் வருகிறது, கஞ்சிக்கு அரிசி சேர்க்கத் தொடங்கியிருப்பீர்கள். அதற்கு முன்னால் இதை எழுதிவிட வேண்டும். உங்கள் பெயரையும் ஊரையும் போடவில்லை. யார் யார் வாசிப்பார்கள் என்று உங்களுக்கும் தெரியும். 2009இல் போர் முடிந்தபோது வட்டுவாகலில் மகனை யாரிடம் கையளித்தீர்கள் என்பதையும் விட்டுவிடுகிறேன், அதை நீங்கள் போய்ச் சொல்லாத ஆணைக்குழு இல்லை.

சபையில் சொல்லிவிட்டேன், இனி மாத அறிக்கை எழுதமாட்டேன். எத்தனை வீடு, எத்தனை ஆத்துமா, யார் அழுது ஜெபித்தார் என்று எழுதி வெளிநாட்டுக்கு அனுப்புகிற வேலை போதும். மகனின் படத்தோடு நீங்கள் இருக்கிற படத்தையும் நீக்கச் சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல் போட்டார்கள், அதற்கு மன்னியுங்கள். ஆனால் அதைப் பார்த்து ஒருவர் அனுப்பிய காசில்தான் உங்கள் கிணறு இறைத்துத் துப்புரவானது, அதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்க வந்த இடத்தில் கணக்குக் காட்டுகிறேன், பாருங்கள்.

பைபிளில் யோபுவின் கதை வாசித்த அந்தப் பின்னேரம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. நீங்கள் சுளகில் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தீர்கள். நான் கடைசி அதிகாரம் வாசித்தேன்: எல்லாம் இழந்த யோபுவுக்கு ஆடு மாடெல்லாம் இரட்டிப்பாகிறது, ஏழு குமாரரும் மூன்று குமாரத்திகளும் பிறக்கிறார்கள். தலை நிமிராமலே கேட்டீர்கள், "முதல் இருந்த பத்துப் பிள்ளையளும்?" சரி என்று முதலாம் அதிகாரத்துக்குப் போனேன். காற்றடித்து வீடு விழுந்து பிள்ளைகள் செத்துப்போனதும், வேலைக்காரன் ஒருவன் மட்டும் தப்பி ஓடிவந்து யோபுவிடம் சொல்கிற இடம். உங்கள் கை நின்றுவிட்டது.

"அந்த மனிசனுக்கு வந்து சொல்ல ஒரு ஆளாவது மிஞ்சியிருக்கு. எங்கட பெடியளோட சரணடைஞ்சு பஸ்ஸில ஏறின பிரான்சிஸ் ஜோசப் ஃபாதரும் இன்னும் வரேல்லையே."

நான் உயிர்த்தெழுதலைப் பற்றிச் சொன்னேன். வேறு எதைச் சொல்ல? நான் நம்புகிறது அதுதான். "உயிரோட இருக்கிற பிள்ளைக்கு என்னத்துக்கு உயிர்த்தெழுதல்?" என்றீர்கள். மரணச் சான்றிதழ் எடுங்கோ என்று படலைக்கு வந்தவர்களோடு என்னையும் சேர்த்துவிட்டீர்கள், அக்கா. இன்னும் அதற்கு என்னிடம் பதில் இல்லை, போதகரிடமும் இல்லை. பிறகு, ஒன்றுமே நடக்காதது போல, மிச்ச இலையைக் கடதாசியில் சுற்றி என் கையில் தந்தீர்கள்.

அப்படித் தந்த நீங்கள்தான் சங்கக்கடையில் நின்று, அரிசியும் கூரைத் தகரமும் காட்டி மதத்துக்கு ஆள் பிடிக்க வருகிறாள் என்று என்னைச் சொல்லியிருக்கிறீர்கள். அப்படி வந்தவர்கள் இருக்கிறார்கள்தான், யார் என்று இங்கே எழுதமாட்டேன். ஆனால் நீங்கள் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017இல் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுக் கொட்டில் போட்டு இருந்தபோது சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்தவள் எத்தனை தரம் பைபிளைத் திறந்தாள்? மகனுக்கு வைத்த நேர்த்திக்குத் தேங்காய் சுமந்து பிள்ளையார் கோயில் வாசல் வரைக்கும் உங்களோடு நடந்தவளும் நான்தானே. (இதை எங்கள் போதகரும் வாசிப்பார். வாசிக்கட்டும்.)

2019 ஈஸ்டரில் மட்டக்களப்பு சீயோன் சபையில் குண்டு வெடித்த பிறகு என் மச்சாள் வீட்டுக்கு வந்து 'தேவசித்தம்' என்று தொடங்கியவர்களை நானே வாசலோடு அனுப்பினேன். நீங்கள் பஸ் மாறி மாறி வந்து குசினிக்குள் போய்ச் சோறு வைத்தீர்கள். அந்த மனுசிதான் சங்கக்கடையில் இப்படிச் சொன்னது என்றால் எனக்குக் கோபம் வராதா?

உங்கள் மகனுக்காக இப்போதும் ஜெபிக்கிறேன். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு ஜெபிப்பது போலத்தான். நீ அதை நம்புகிறாயா என்று மட்டும் கேட்காதீர்கள்.

18ஆம் திகதி முள்ளிவாய்க்காலுக்கு வருவேன். பைபிள் பையில் இருக்கும், அதை வீட்டில் வைத்துவிட்டு வா என்று சொல்லாதீர்கள். கஞ்சிக்குப் பெரிய கிடாரம் தேவையென்றால் முதல்நாளே சொல்லுங்கள், சபையில் ஒன்று சும்மா கிடக்கிறது.